கடல் பொது, ஆராய்ச்சி மேஜையும் பொதுவாகட்டும்!

நார்த்தாமலையில் கடல் இல்லை. இருப்பது பாறை, பாறையை ஒட்டிய குளம், குளத்தை நம்பிய வயல். கடற்கரையைப் பார்க்க வேண்டுமானால் எழுபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊரிலே கல்லுடைக்கும் தொழிலாளிக்கும், நடவு நடும் பெண்ணுக்கும், மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் வாலிபனுக்கும் கடலுயிர் ஆராய்ச்சி நிலையங்களைப் பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே செல்வோம்.

முதல் பதில் கஞ்சிக் கலயத்தில் இருக்கிறது. இந்த வட்டாரத்து உழைப்பாளியின் கஞ்சிக்குத் துணை கருவாடு. ஆட்டுக்கறி திருவிழாவுக்கு, நெத்திலியும் சாளையும்தான் அன்றாடத்துக்கு. கடலிலே மீன் குறைந்தால் சந்தையிலே கருவாட்டு விலை ஏறும். ஏறினால் முதலில் கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டியவள் கூலிக்காரக் குடும்பத்துத் தாய்தான்.

இரண்டாவது பதில்: அந்தக் கடல் நமது மாவட்டத்தின் கடல். 1974-ம் ஆண்டு ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபோது அறந்தாங்கிப் பக்கத்துக் கடற்கரையும் அதிலே சேர்ந்தது. மணமேல்குடியும், கோட்டைப்பட்டினமும், ஜெகதாப்பட்டினமும், மீமிசலும் நமது மாவட்டத்து ஊர்கள். அங்கே வலை இழுப்பவன் நம்மைப் போன்ற உழைப்பாளி.

மூன்றாவது பதில் பணத்தைப் பற்றியது. கடலாராய்ச்சிக் கப்பலையும், கண்ணாடித் தொட்டியையும், லட்சக்கணக்கான ரூபாய் பெறும் நுண்கருவியையும் சர்க்கார் யாருடைய பணத்தில் வாங்குகிறது? சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் வரி கொடுக்கும் ஜனங்களின் பணத்தில்தானே வாங்குகிறது? அப்படியானால் அந்தக் கருவி யாருக்கு முதலில் வேலை செய்ய வேண்டும் என்று கேட்க நார்த்தாமலைத் தொழிலாளிக்கு முழு உரிமை உண்டு.

ஆராய்ச்சி நிலையம் என்பது என்ன?

கடலுயிர்களை ஆராய்வதற்குப் புத்திசாலித்தனம் மட்டும் போதாது. படகு வேண்டும், வலை வேண்டும், பிடித்து வந்த உயிரைச் சாகாமல் வைத்திருக்க இரவு பகல் கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வேண்டும். பூதக்கண்ணாடி, குளிர் அறை, பதப்படுத்திய மாதிரிகளை வைக்கும் காட்சிசாலை, நூலகம், இந்நாளில் மரபணுவைப் படித்துச் சொல்லும் யந்திரம், இவ்வளவும் வேண்டும். இத்தனையையும் ஒரு கல்லூரி தானே வாங்க முடியாது. ஒரு மீனவர் சங்கம் வாங்குவதைப் பற்றி நினைக்கவே முடியாது. ஆகவே ஓரிடத்தில் அமைத்துப் பலரும் பயன்படுத்துவதே வழி.

இது நமக்குப் புதிய விஷயமா? ஊருக்கு ஒரு நெற்களம் இருந்தது. வீட்டுக்கு ஒரு களம் யாரும் அமைத்ததில்லை. ஊருக்கு ஓர் ஏரி. அதற்கு ஒரு மடை. தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்ச ஒரு நீர்ப்பாய்ச்சி. ஏரி பொது என்று சொல்லிவிட்டு, மடைச்சாவியைப் பெரிய பண்ணையார் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பது விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டிய விஷயமல்ல. பொது ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றியும் கேட்க வேண்டியது இதுவே: சாவி யார் கையில்? முறை யாருக்கு முதலில்?

நேப்பிள்ஸும் மாஸ்கோவும்

1872-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஆன்டன் டோர்ன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஒரு கடலுயிர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அதை நடத்த அவர் கண்ட வழி புதுமையானது. பல நாட்டுச் சர்க்கார்களும் பல்கலைக்கழகங்களும் ஆண்டுக் கட்டணம் கட்டி ஆளுக்கொரு மேஜையை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் அனுப்பும் விஞ்ஞானி வந்து உட்கார்ந்தால் போதும். கருவியும், நூலகமும், கடலிலிருந்து புதிதாகப் பிடித்த உயிரும் மேஜைக்கு வந்து சேரும். உலகத்தின் பல நாட்டு விஞ்ஞானிகள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள்.

அந்த மேஜைக்கு உயிரைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நேப்பிள்ஸ் மீனவர்கள். சால்வதோரே லோ பியாங்கோ என்ற பையன் பதினான்காம் வயதில் அந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத அவன், மெல்லிய கடலுயிர்களை உருக்கெடாமல் பதப்படுத்தும் கலையிலே உலகப் புகழ் பெற்ற நிபுணனானான். கைத்தொழிலாளியின் அறிவு விஞ்ஞானத்துக்கு வெளியே நிற்பதல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் ஒரு குறை. மேஜை வாடகைக்கு விடப்பட்டது. வாடகை கொடுக்க முடிந்தவனுக்கே இடம்.

இன்னொரு வழியை 1921-ல் சோவியத் நாடு காட்டிற்று. உள்நாட்டு யுத்தம் நாட்டைச் சூறையாடிவிட்டிருந்தது. பஞ்சம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலே, மார்ச் 10-ம் தேதி, மிதக்கும் கடல் விஞ்ஞான நிலையம் ஒன்றை அமைக்கும் ஆணையில் லெனின் கையெழுத்திட்டார். வடகடல்களின் மீன்வளத்தையும் உயிர்வாழ்வையும் ஆராய்வது அதன் வேலை. கட்டி முடிக்கப்படாமல் கிடந்த ஒரு மரக்கப்பலின் கூட்டை எடுத்து ஆராய்ச்சிக் கப்பலாக்கினார்கள். ‘பெர்சேய்’ என்ற அந்தக் கப்பல் 1923-ல் தன் முதல் ஆராய்ச்சிப் பயணத்தைத் தொடங்கிற்று. ஜனங்கள் பசித்திருக்கும்போது கடலாராய்ச்சி எதற்கு என்று லெனின் நினைக்கவில்லை. பசித்திருப்பதால்தான் கடலை அறிய வேண்டும் என்று நினைத்தார்.

நமது நாட்டிலே

மண்டபம் கேம்ப் என்ற பெயர் புதுக்கோட்டைச் சீமையின் பழைய குடும்பங்களுக்குப் பரிச்சயமானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம்மவர்களை வெள்ளையர் ஆட்சியிலே நிறுத்திவைத்து, நோய் உண்டா என்று சோதித்து, கப்பலேற்றிய இடம் அது. மனிதனைச் சரக்காக எண்ணி வரிசையில் நிறுத்திய அந்த மண்டபம் கேம்ப்புக்கு, 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-ல் வந்து சேர்ந்தது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபத்தில் அதன் கிளை இயங்கி வருகிறது. 2010-ல் கடல் விரால் மீனை வளர்ப்பு நிலையிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்ததும் மண்டபத்தில்தான். அடிமைத்தனத்தின் பெயராக இருந்த இடம் அறிவின் பெயராக மாறியது சிறிய மாற்றமல்ல.

கடலூர் மாவட்டத்திலே, பரங்கிப்பேட்டையில், அந்தப் பக்கத்து வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா அதற்கு வித்திட்டவர். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்து படித்திருக்கிறார்கள்.

கூட்டு உழைப்பு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்து மகா சமுத்திர ஆராய்ச்சிப் பயணம் உதாரணம். சுமார் நாற்பது கப்பல்கள் கலந்துகொண்டன. சோவியத் கப்பல் ‘வித்யாஸ்’ வந்தது. அமெரிக்கக் கப்பல் ‘ஆன்டன் ப்ரூன்’ வந்தது. நமது ‘கிருஷ்ணா’வும் ‘வருணா’வும் சென்றன. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. அப்படியிருந்தும் பல நாட்டுக் கப்பல்கள் ஒரே அளவான வலையைப் போட்டு மிதவை நுண்ணுயிர்களைப் பிடித்தன. பிடித்த மாதிரிகள் கொச்சியில் அமைந்த இந்து மகா சமுத்திர உயிரியல் மையத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே நம்மவர்கள் அவற்றை இனம் இனமாகப் பிரித்து உலகத்து நிபுணர்களுக்கு எட்டச் செய்தார்கள். அந்த வேலையின் தொடர்ச்சியாக 1966 ஜனவரி 1-ம் தேதி தேசியக் கடலாராய்ச்சி நிலையம் பிறந்தது. அதன் முதல் டைரக்டர் என்.கே. பணிக்கர், அதற்கு முன் மண்டபத்தில் பணியாற்றியவர்.

1984-ல் டென்மார்க்கில் கட்டப்பட்டு நமக்கு வந்த ‘சாகர் சம்பதா’ கப்பலும் பல ஸ்தாபனங்களின் விஞ்ஞானிகளைச் சுமந்து சென்ற பொதுக் கப்பலே. ஆகவே பொதுவில் வைத்து நடத்த முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை. நடத்திக் காட்டியாகிவிட்டது.

மடைச்சாவி எங்கே போகிறது?

2020 ஜனவரியில் மத்திய சர்க்கார் ‘ஐ-ஸ்டெம்’ என்ற இணைய வாசலைத் திறந்தது. நாட்டின் ஆராய்ச்சி நிலையங்களில் உள்ள கருவிகளைப் பட்டியலிட்டு, வெளியார் முன்பதிவு செய்து பயன்படுத்த வழி செய்வது அதன் நோக்கம். பொதுப்பணத்தில் வாங்கிய கருவிகள் போதிய வேலையின்றிக் கிடக்கின்றன என்பதை சர்க்காரே ஒப்புக்கொண்டதாக இதற்கு அர்த்தம். வாசல் திறந்ததை வரவேற்போம். ஆனால் வாசலுக்குள்ளே கட்டணப் பட்டியல் தொங்குகிறது. பொதுவாக அதிலே காணும் வகைகள் மூன்று: அந்த ஸ்தாபனத்தார், மற்றக் கல்வி நிலையத்தார், கம்பெனிகள். கோட்டைப்பட்டினம் மீனவர் சங்கம் தங்கள் கடல்நீரைச் சோதிக்க வந்தால் எந்த வரிசையில் நிற்பது? சர்க்கார் கல்லூரியில் படிக்கும் விவசாயத் தொழிலாளியின் மகள் கட்டணத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

அடுத்த விஷயம் இதைவிடப் பெரியது. 2021 ஜூன் 16-ம் தேதி மத்திய மந்திரிசபை ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐந்தாண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய். அதன் ஆறு பகுதிகளில் ஒன்று கடலுயிரியலுக்கான உயர்நிலை ஆராய்ச்சி நிலையம். ஆட்களைப் பயிற்றுவிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று, நல்லதே. ஆராய்ச்சியைத் தொழில்துறைக்கும் பண்ட உற்பத்திக்கும் கொண்டு செல்ல, நிலையத்துக்குள்ளேயே வணிக முயற்சிகளை வளர்க்கும் கூடங்கள் அமைப்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. கம்பெனிக்கு உள்ளேயே அறை. மீனவருக்கு? பாசி எடுக்கும் பெண்ணுக்கு? அவர்களுக்கு ஓர் அறை என்று அந்த அறிவிப்பிலே சொல்லப்படவில்லை.

கடலுயிரை வைத்து என்ன வியாபாரம் என்று கேட்கலாம். 2018-ல் வெளிவந்த ஒரு சர்வதேச ஆய்வு கணக்குச் சொல்லிற்று. 862 கடலுயிர் இனங்களின் 12,998 மரபணு வரிசைகள் காப்புரிமைகளோடு சேர்த்துப் பதிவாகியிருந்தன. அவற்றில் 47 சதவீதத்தைப் பதிவு செய்தது ஒரே கம்பெனி: ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். உலகக் கடலைக் கண்டறிந்து எழுதியவர்கள் பல தலைமுறை விஞ்ஞானிகள். மாதிரி பிடித்துக் கொடுத்தவர்கள் எண்ணற்ற மீனவர்கள், மாலுமிகள். பத்திரம் எழுதிக்கொண்டவர் ஏகபோக முதலாளி! ஊரார் வெட்டிய குளத்துக்கு ஒருவன் பட்டா வாங்கிக்கொண்டதைப் போலத்தானே இது?

பொது ஆராய்ச்சி யாரைக் காப்பாற்றும்?

பொது நிலையத்தின் சோதனை உழைப்பாளியின் கையிலே ஆயுதமாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 1990-களில் கடற்கரையோரம் இறால் பண்ணைகள் முளைத்தன. உப்புநீர் நெல்வயலில் ஏறிற்று, குடிநீர் கெட்டது, நடவும் அறுப்பும் இல்லாமல் கூலிக்காரர்கள் தெருவில் நின்றார்கள். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டின் உத்தரவுப்படி பொதுத்துறை நிலையமான தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் பண்ணைகளை நேரில் பார்த்து, சோதித்து, லாபத்தை விட நாசம் அதிகம் என்று கணக்குக் கொடுத்தார்கள். 1996 டிசம்பர் 11-ம் தேதி, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த அத்தகைய பண்ணைகளை அகற்றும்படி தீர்ப்பு வந்தது. கூலிக்காரனின் கண்ணீரைக் கோர்ட்டு நம்புமோ நம்பாதோ. ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கையைத் தள்ள முடியவில்லை. அந்த நிலையம் பண்ணை முதலாளியின் வாடகை மேஜையாக இருந்திருந்தால் அறிக்கை எப்படி இருந்திருக்கும் என்பதைத் தோழர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். ‘கப்பாபைகஸ்’ என்ற அந்நியக் கடற்பாசியை வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள பொது ஆராய்ச்சி நிலையம் ஒன்று உருவாக்கிற்று. 2000-ம் ஆண்டு வாக்கில் அதை எடுத்துக்கொண்டு வந்தது பெப்ஸி கம்பெனி. மூங்கில் தெப்பம் கட்டிப் பாசி வளர்த்தவர்கள் கடலோரப் பெண்கள். அவர்களுக்குக் கொஞ்சம் வருமானம் வந்தது உண்மை; அதை மறுக்க மாட்டோம். ஆனால் 2008-ல் மதுரையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், குருசடைத் தீவருகே அந்தப் பாசி பவளப்பாறைகளின் மேல் படர்ந்து மூடுவதைக் கண்டு வெளியிட்டார்கள். பவளப்பாறை மீனுக்குத் தொட்டில். அது மூடிப்போனால் நஷ்டம் கம்பெனிக்கல்ல, வலை வீசுகிறவனுக்கு. வியாபாரத்தில் பங்கில்லாத வேறு ஆராய்ச்சியாளர்கள் கடலில் இறங்கிப் பார்க்க முடிந்ததால்தான் உண்மை வெளிவந்தது. மேஜையும் படகும் பலருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவே தலையாய காரணம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதிக்க முடியாவிட்டால் அது விஞ்ஞானமாகாது, விளம்பரமாகிவிடும்.

கடலை அறிந்தவர்கள் வெளியே நிற்பதா?

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாயின. அங்கே தலைமுறையாக மூழ்கிப் பாசி எடுத்த பெண்கள் ஒரு நாள் குற்றவாளிகளைப் போல விரட்டப்பட்டார்கள். அந்தப் பெண்களோ, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சர்வதேச சீகாலஜி விருது கிடைத்தது. கடல் கடந்த அமைப்பு அவர் அறிவை மதித்தது. அருகிலுள்ள ஆராய்ச்சி மேஜையில் அவரைப் போன்றவர்களுக்கு நாற்காலி உண்டா?

நமது மாவட்டத்துக்கு வருவோம். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடல், ஆவுளியா என்னும் கடற்பசுவின் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே ஆவுளியாவுக்கு இதுதான் முதல் பாதுகாப்பகம். அது கடற்புல்லைத் தின்று வாழும் சாதுவான பிராணி. கடற்புல் இருந்தால் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் ஒதுங்க இடம் உண்டு. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலை போனாலும் போகட்டும் என்று கடலில் விட்ட மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். வனத்துறையே அவர்களுக்குப் பரிசு கொடுத்திருக்கிறது. தஞ்சை மாவட்டம் மனோராவில் ஆவுளியாவுக்கு ஒரு மையம் அமைப்பதாக மாநில சர்க்கார் அறிவித்திருக்கிறது. அந்த மையத்தின் மடைச்சாவி யார் கையில் இருக்கப்போகிறது என்பதை இப்போதே கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

ஆட்சேபணைகளும் பதிலும்

கண்டவர்களும் தொட்டால் விலையுயர்ந்த கருவி கெட்டுப்போகும் என்பார்கள். மில் தொழிலாளி சிரிப்பார். நூற்பு யந்திரம் மூன்று ஷிப்டு ஓடுகிறது, எத்தனையோ கைகள் மாறுகின்றன, கெட்டுப்போகிறதா? பிட்டரும் ஆயிலரும் இருக்கும் வரை ஓடும். அவர்களை நீக்கிவிட்டால் புது யந்திரமும் துருப்பிடிக்கும். ஆராய்ச்சிக் கருவிக்கும் அதே கதைதான். அதை இயக்கத் தெரிந்த டெக்னீஷியனை ஆறு மாத ஒப்பந்தத்தில் வைத்துவிட்டு, அவர் போன பிறகு கருவிக்கு உறை போட்டு மூடுவதே சிக்கனம் என்றால், அந்தச் சிக்கனம் நாட்டுக்கு நஷ்டம்.

கட்டணம் வாங்காமல் எப்படி நடத்துவது என்பார்கள். கம்பெனியிடம் முழுச் செலவையும் வாங்குங்கள். யார் வேண்டாம் என்றார்கள்? ஏற்கெனவே வரியாகக் கொடுத்துவிட்ட ஏழையிடம் இரண்டாம் முறை வாங்காதீர்கள் என்பதே நமது வாதம்.

படிக்காத மீனவனுக்கு ஆராய்ச்சி மேஜையில் என்ன வேலை என்பார்கள். எந்த மாதம் எந்தக் காற்றில் எந்த மீன் எங்கே வரும் என்று அவனைக் கேட்டுத்தான் விஞ்ஞானியே படகேறுகிறார். கேள்வியை அவன் கொண்டுவரட்டும். கருவியை விஞ்ஞானி இயக்கட்டும். விடை இருவருக்கும் சொந்தமாகட்டும்.

நாம் கோருவது

ஒன்று: பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு கடலுயிர் ஆராய்ச்சி நிலையத்திலும் மேஜைகளிலும் படகு நாட்களிலும் ஒரு நிலையான பங்கை சர்க்கார் கல்லூரி மாணவர்களுக்கும், மீனவர், பாசி எடுக்கும் பெண்கள் ஆகியோரின் சங்கங்களுக்கும் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும்.

இரண்டு: கடல்நீரையும் மீனையும் சோதித்துச் சொல்லும் சேவை ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் போன்ற மீன்பிடித் தளங்களுக்கே வர வேண்டும். முடிவு தமிழிலே, பலகையிலே, எல்லோரும் படிக்க எழுதப்பட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை போடுகிறீர்களே, அந்தத் தடையால் மீன் எவ்வளவு பெருகிற்று என்ற கணக்கும் அந்தப் பலகையில் வர வேண்டும்.

மூன்று: கருவிகளை இயக்குவோரின் வேலை நிரந்தரமாக்கப்பட வேண்டும்.

நான்கு: கம்பெனிகளின் முறை கடைசி முறை, அவர்கள் கட்டுவது முழுச் செலவு, பொது மேஜையில் கண்டது எதுவும் தனியார் காப்புரிமையாகக் கூடாது.

ஐந்து: மனோரா மையத்தின் நிர்வாகத்தில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்ட மீனவர் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை மீனவர் மட்டும் எழுப்பினால் அது கரையோரக் குரலாகவே நின்றுவிடும். மில் சங்கத்தின் தீர்மானத்திலும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் மாநாட்டிலும் இவை இடம்பெற வேண்டும். ஏரி மடைக்காகப் போராடியவர்கள் நாம். மடை திறந்தால் கடைமடை வரை தண்ணீர் போக வேண்டும் என்ற நியாயம் நமக்கு நன்றாகத் தெரியும். அறிவுக்கும் அதே நியாயம்தான். கடலுயிர் விஞ்ஞானத்தின் கடைமடையிலே நிற்பவர் மணமேல்குடி மீனவரும், அவர் பிடித்த மீனைக் கருவாடாக வாங்கும் நார்த்தாமலைக் கூலிக்காரரும். அவர்களுக்கு எட்டும் வரை அந்த மேஜை பொது மேஜை அல்ல.